மினுங்காத விளிம்பு

என் சித்தியின் இடது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, மயிர் இல்லாத ஒரு திட்டு இருந்தது. ஸ்காபரோவில் நடக்கும் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அதைக் கண்ட அன்ரிமார் ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார். இன்னொருவர், இதை இப்படியே விட்டால் மாப்பிள்ளை பார்க்கும்போது கரைச்சல் வரும் என்று அம்மாவின் காதில் ஓதினார். சித்தி எல்லாருக்கும் பணிவாகத் தலையாட்டினார். தீட்டிய அம்புமுனை கூராகிவிட்டதா என்று சித்தி அந்த இடத்து மயிரை வழித்துத்தான் சோதிப்பார் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விடயம். வெளியே வாய் திறந்தால் தொலைந்தாய் என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எங்கள் பேஸ்மென்ற்றில் இருந்தார். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் பல் துப்புரவாக்கும் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியை டொன் பள்ளத்தாக்கில் இருக்கும் வில்வித்தைத் திடலுக்குச் சும்மா பார்க்கக் கூட்டிப்போனார். பார்க்கப் போன சித்தி அடுத்த மாதமே சொந்தமாக ஒரு வில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கப்பிகளும் கயிறுகளும் வைத்த கறுப்பு வில். அதைப் பார்த்த அப்பா, இது உடற்பயிற்சிக்கு நல்லது என்று பொதுவாக ஒரு கருத்துச் சொல்லிவிட்டு ரீவியைப் போட்டார்.

இரண்டு குளிர்காலம் சித்தி வைக்கோல் கட்டுகளுக்கு எய்துகொண்டிருந்தார். அதுவரை அம்மா பொறுத்துக்கொண்டார். பிறகு சித்தி வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, மான் வேட்டைக்கான லைசென்ஸை எடுத்து வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். கூட வேலை செய்யும் பெண்ணின் தகப்பனுக்குப் பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு காணி இருந்தது. ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை சித்தி அங்கே வரலாம் என்று கிழவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு கிழவரின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் கூட்டாளிகளும் வந்துவிடுவார்கள், சித்திக்கு இடமில்லை.

வீட்டில் அன்று தொடங்கியது பிரச்சினை.

"நாங்கள் சைவக்காரர்," என்றார் அம்மா.

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி காய்ச்சுறனீங்கள்தானே அக்கா."

"அது கடையிலை வெட்டி வாறது. வேறை."

அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே வேறைதான். இறைச்சியைக் கடையிலேயே சிறு துண்டாக வெட்டுவித்துத்தான் வாங்குவார். எங்கள் சமையலறையில் என் உள்ளங்கையை விட நீளமான கத்தி ஒன்றுகூட இருக்கவில்லை. பூசணிக்காய் வாங்கினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துப் பாதியாக்கி வாங்குவோம். அம்மாவின் சிக்கனம் கத்தி வரைக்கும் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அப்பா இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் காடும் வேட்டையுமான வன்னிப் பக்கம் வளர்ந்தவர். அம்மா இல்லாத நேரம் பார்த்து, மான் இறைச்சி பிறீசரில் எவ்வளவு காலம் கிடக்கும் என்று சித்தியிடம் மெல்லிய குரலில் விசாரித்தார்.

எனக்கு மானும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம். நான் கண்டு வாய்பிளந்து நின்றது அந்த அம்புமுனைகளைத்தான். சித்தி பயிற்சிக்குப் பாவிக்கும் முனைகள் பென்சில் முனையைப் போல மொட்டையாக, பார்க்க ஒன்றும் இல்லாதவை. வேட்டை முனைகள் தனியாக ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் மூன்று இலைகள், நடுவில் ஒன்றுசேர்ந்து, நுனியில் ஒரு புள்ளியில் முடியும். சித்தி அவற்றைச் சனிக்கிழமை பின்னேரங்களில் தீட்டுவார். பேஸ்மென்ற் யன்னலுக்குக் கீழே ஒரு மேசை, மேசையில் ஈரத் துணி, துணியின்மேல் தீட்டுகல். பார்க்க வருவதென்றால் எனக்கு ஒரு நிபந்தனை.

"கையைப் பின்னாலை கட்டு. உது தொட்டால்தான் வெட்டுமெண்டில்லை, நினைச்சாலே வெட்டும்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். கோயிலில் அப்படி நிற்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கால் மாற்றுபவள், அந்த மேசைக்கு முன்னால் அசையாமல் நின்றேன். சித்தி கறுப்பு மார்க்கர் பேனையால் விளிம்புகளுக்கு மை பூசுவார். பிறகு இரண்டு இலைகள் ஒரே நேரத்தில் கல்லில் படியும்படி முனையைக் கிடத்தி, முன்னுக்குத் தள்ளுவார். தள்ளி, எடுத்து, திருப்பி, மறுபடி தள்ளுவார். மை போன இடத்தில் கல் பட்டிருக்கிறது; மை கிடக்கிற இடத்தில் இன்னும் படவில்லை. மை முழுவதும் போன பிறகு விரல் நுனியால் விளிம்பின் ஓரத்தைத் தடவி, பிசிறு எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பிசிறைத் தோல் வாரில் இழுத்து எடுப்பார். அப்பா மாதக்கணக்காகத் தேடித் திரிந்த மண்ணிறப் பெல்ற் பேஸ்மென்ற்றில் இந்தச் சேவையில் இருந்தது.

கடைசியில் வெளிச்சம். மேசை விளக்கின் கீழே விளிம்பை நேராகத் தன் கண்ணுக்குப் பிடிப்பார். கூரான சாமான் மினுங்கும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கார்ட்டூனில் வாளை உருவினால் மினுங்குமே. சித்தி காட்டியது நேர்மாறானது. மழுங்கிய விளிம்புக்கு ஒரு தடிப்பு இருக்கிறது. அந்தத் தடிப்பில் வெளிச்சம் விழுந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். உண்மையான கூருக்கு வெளிச்சம் விழ இடமே இல்லை. அங்கே ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பை இழுத்துப் பிடித்த றப்பர் வளையத்தில் சும்மா வைப்பார். வளையம் சத்தமில்லாமல் இரண்டாகிவிடும். எனக்கு முதுகு சிலிர்க்கும். இரும்பு ஒரு கட்டத்தில் முடிந்துபோகிறது, அதற்கப்பால்தான் அதன் சக்தி இருக்கிறது என்று நாலாம் வகுப்புப் படித்த என் மூளை கண்டுபிடித்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்ல முடியாதது பெரிய துக்கமாக இருந்தது.

"ஏன் சித்தி இவ்வளவு கூர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிளினிக்கிலை பல்லுச் சுரண்டுற கருவி மழுங்கினால், நாங்கள் கூட அழுத்தவேணும். அழுத்தினால் ஆளுக்கு நோகும். கூர் எண்டால் அழுத்தத் தேவையில்லை. அவ்வளவுதான்."

அம்மா அப்போது படிக்கட்டில் உடுப்புக் கூடையோடு நின்றிருந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். சித்தி தீட்டும் நாட்களில் அம்மாவுக்குப் பேஸ்மென்ற்றில் ஏதோ ஒரு அலுவல் வந்துகொண்டே இருந்தது. தோய்த்த உடுப்பை மறுபடி தோய்த்தார் என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அந்த வருடம் விஜயதசமி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சித்தியின் சனிக்கிழமை அதற்கு அடுத்த நாள். சித்தி வேட்டை உடுப்பை வாசனை இல்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, எங்கள் குழம்பு மணம் ஏறாமல் இருக்கக் கராஜுக்குள் பைன் மரத்துக் கிளைகளோடு பையில் கட்டி வைத்திருந்தார். மானுக்கு மூக்குத்தான் கண் என்றார். வீட்டில் நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. இரவில் சுண்டலும் அவலும் வந்தன.

சரஸ்வதி பூசைக்குச் சாமான் வைக்கும் நாளன்று அம்மா வீடு முழுவதும் நடந்து எல்லாருடைய தொழிலையும் சேகரித்தார். அப்பா பிறம்ரனில் ஒரு வெயாஹவுசில் ஃபோக்லிஃப்ற் ஓட்டினார். அவருடைய ஃபோக்லிஃப்ற் லைசென்ஸ் அட்டை வந்தது. என் கணக்குப் புத்தகத்தை நானே ஓடிப்போய்க் கொடுத்தேன், அதைத் தொடக்கூடாத நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சித்தியின் பல் கருவிகளில் ஒரு கட்டு வந்தது. சித்தி வேலையால் வந்து கால் கழுவிக் கும்பிடப் போனபோது, கும்பத்துக்குப் பக்கத்தில் மரப்பெட்டி திறந்தபடி இருந்தது. ஆறு முனைகளுக்கும் அம்மா ஒவ்வொரு இலையாகக் கவனமாக ஈரச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்.

சித்தி அப்படியே நின்றார். நானும் நின்றேன். சந்தனம் விளிம்புகள் வரைக்கும் வழிந்திருந்தது.

"ஆயுதமெண்டால் ஆயுதம்தானே," என்றார் அம்மா, சாம்பிராணித் தட்டை ஊதிக்கொண்டு. "எல்லாற்றையும் வைச்சன், உன்ரையையும் வைச்சன். விசயதசமி முடியுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது, தெரியும்தானே."

சித்திக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், சித்திக்குத் தெரியும் என்று. அந்த முனைகள் துருப்பிடிக்காத இரும்பில் செய்தவை அல்ல. தீட்டி முடிந்ததும் சித்தி அவற்றுக்கு மெல்லிதாக வாஸ்லீன் பூசித்தான் பெட்டிக்குள் வைப்பார். ஒரு சொட்டு ஈரம் ஒரு இரவு கிடந்தால் போதும், மண்ணிறப் புள்ளி வந்துவிடும். சித்தி சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கும்பிட்டார், திருநீறு பூசினார், கீழே போய்விட்டார். எனக்கு அம்மாமேல் சொல்லமுடியாத கோபம். அன்று சுண்டல் வேண்டாம் என்றேன். அதைப் பிறகு அப்பா சாப்பிட்டார்.

அடுத்த நாட்களில் அம்மா காலையும் மாலையும் பூசை செய்து தீர்த்தம் தெளித்தார். தெளிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு பெட்டியின் பக்கம் விழுந்ததாக எனக்குப் பட்டது. சித்தி வேலைக்குப் போகுமுன் வந்து பார்ப்பார். காய்ந்த சந்தனத்தின் வெடிப்புகளுக்குள் துரு சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. சித்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை நான் கவனித்தேன். அது என்னுடைய இடம், என்னுடைய நிலை. அவர் மேல் எனக்கு அப்போது பெரிய இரக்கம் வந்தது.

வெள்ளி காலை, பள்ளிக்கூடம் பிந்திப் போகலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்தது. விஜயதசமியன்று ஆளாளுக்குத் தங்கள் தொழிலைப் புதிதாகத் தொடங்கவேண்டும். நான் தட்டில் அரிசி பரப்பி, எனக்கு வயது கடந்துவிட்டாலும், அ எழுதினேன். அப்பா அட்டையைக் கண்ணில் ஒற்றிவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். சித்தி கீழே போனார். போய், தீட்டுகல், ஈரத் துணி, கிளினிக்கில் கொடுக்கும் பல்துலக்கி, மார்க்கர், மேசை விளக்கு, அப்பாவின் பெல்ற் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பேப்பர் விரித்துச் சம்மணம் கொட்டி இருந்தார்.

"இஞ்சையோ?" என்றார் அம்மா.

"இண்டைக்கு அவரவர் தொழிலைச் சாமிக்கு முன்னாலை தொடங்கவேணுமெண்டு நீங்கள்தானே அக்கா சொல்லுறனீங்கள்."

அம்மா தானே கட்டிய கட்டு அது, அவிழ்க்க வழியில்லை. அப்பா அன்று வேலைக்குப் பிந்தும் என்று யாருக்கோ போன் செய்தார்.

சித்தி சந்தனத்தைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினார். துருவை எண்ணெய் விட்டுத் தேய்த்தார். வெளியே வந்த முனைகளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. விளிம்பெல்லாம் அரிபட்டுச் சின்னச் சின்னக் குழிகள். சித்தி மை பூசினார், கல்லில் கிடத்தினார், தள்ளினார். குழியின் அடி வரைக்கும் இரும்பைத் தேய்த்தால்தான் விளிம்பு திரும்ப வரும். வீட்டில் அந்த ஒரு சத்தம் மட்டும் இருந்தது, கல்லில் இரும்பு போய் வரும் சத்தம். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெல்ற்றின் ஒரு நுனியை அப்பா பிடிக்க, மறு நுனியைச் சித்தி கால்விரலுக்குள் இடுக்கி, ஒவ்வொரு முனையாக இழுத்தார். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மழுங்கி, துருவேறி, இனிச் சரிவராது என்று நான் நினைத்த இரும்பு, என் கண்ணுக்கு முன்னாலேயே மெல்ல மெல்ல விளிம்பில் மறையத் தொடங்கியது. அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அம்மா அடுக்களைக்கும் சாமிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். பிறகு நடையை நிறுத்தி, சுவரோடு சாய்ந்து நின்றார். ஆறாவது முனையும் முடிந்து சித்தி நிமிர்ந்தபோது அம்மா கேட்டார்.

"அதுக்கு நோகாதோ?"

"கூர் எண்டால் நோகாது அக்கா. என்ன நடந்ததெண்டு அதுக்கு விளங்க முதல் முடிஞ்சிடும்."

அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். சித்தியின் கையிலிருந்த முனையை, எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படியே, அடித்தண்டில் பிடித்து வாங்கினார். விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, விளிம்பைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பினார். ஒரு இலை. அடுத்த இலை. மூன்றாவது இலையில் நிறுத்தி, நுனிக்குக் கொஞ்சம் கீழே நகத்தால் காட்டினார்.

"இஞ்சை மினுங்குது," என்றார். "காணாது. இன்னும் தீட்டு."

சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. சாம்பிராணிப் புகை என்று நான் நினைத்தேன். சித்தி முனையை வாங்கி மறுபடி மை பூசினார். அன்று அம்மா ஆறு முனைகளையும் பார்த்தார். இரண்டைத் திருப்பி அனுப்பினார். எங்கள் வகுப்பு ஆசிரியைகூட என் வீட்டுப்பாடத்தை அவ்வளவு கடுமையாகத் திருத்தியதில்லை. மூன்று நாள் துருப்பிடிக்க வைத்தவரே இப்போது இப்படி நிற்கிறாரே, அம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியாக அம்மாவே வாஸ்லீன் பூசிக் கொடுத்தார். சந்தன மணம் போகவேண்டுமே என்று கவலைப்பட்டதும் அம்மாதான்; பெட்டியைக் கழுவிப் பைன் இலை போட்டு வைத்தார்.

சனிக்கிழமை விடியச் சித்தி போனார். பின்னேரம், இருட்ட முதல், திரும்பி வந்தார். மான் கிடைத்துவிட்டது. கிழவரின் காணியில் அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் வெட்டி எடுக்கலாம் என்று சித்தி சொல்லத் தொடங்கியபோது, அப்பா முகத்தில் வந்த சிரிப்பை அடக்கத் தெரியாமல் சப்பாத்து அடுக்கினார். அம்மா அதைக் கேட்கவில்லை. கதவடியில், சித்தியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெதியாப் போச்சுதோ?"

"ஓமக்கா."

"உண்மையாச் சொல்லு."

"நாலடி நடந்தது. பிறகு புல்லிலை இருந்திட்டுது. பிறகு தலையை வைச்சிட்டுது. கத்தேல்லை, அக்கா. அதுக்கு ஒண்டும் தெரியேல்லை."

அம்மா சித்தியின் தோளில் நெற்றியை வைத்தார். இருவரும் குளிர்காற்று உள்ளே வர வர, கதவைத் திறந்தபடியே நின்றார்கள். ஹீற்றர் ஓடுகிறது என்று அப்பா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அம்மா சித்தியிடமிருந்து அந்த அம்பை வாங்கி, தானே சமையலறைக்குக் கொண்டுபோய், முனையைக் கழற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு இலையாக வாஸ்லீன் பூசி மரப்பெட்டியில் வைத்தார். மான் கறி காய்ச்சினபோது முதல் அகப்பை சித்திக்குப் போட்டார். தான் தொடவில்லை.

இப்போது என் வயது, அம்மாவின் அப்போதைய வயதை நெருங்குகிறது. போன வருடம் அம்மாவை மிசிசாகாவில் ஒரு கலியாணத்துக்கு ஏற்றிப் போகையில், 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. வேலியோரம் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு மான் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா தானாகச் சொன்னார். யுத்த காலத்தில், ஊரில் அவர்கள் வீட்டில் ஒரு பசு நின்றதாம். ஷெல் துண்டு பட்டு வயிறு கிழிந்து, சாகாமல் இரண்டு நாள் கொட்டிலுக்குள் கிடந்து கத்தியதாம். சுற்றவர ஒரு வைத்தியரும் இல்லை, எல்லாரும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். கடைசியில் அம்மாவின் அப்பா, அதுவரை ஒரு கோழிகூட அறுக்காத மனிதர், வீட்டிலிருந்த ஒரே பெரிய கத்தியை எடுத்தாராம். பூசணிக்காய் வெட்டும் கத்தி.

"நான் தலையைப் பிடிச்சிருந்தன். சித்தி சின்னப்பிள்ளை, வாளியிலை தண்ணியோடை நிண்டவள். கத்தி மழுங்கல், பிள்ளை. அப்பாவாலை ஏலாமப் போச்சுது. அவர் திரும்பத் திரும்ப..." அம்மா அங்கே நிறுத்திவிட்டார்.

முன்னால் நின்ற கார் நகர்ந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். நான் அசையவில்லை.

அக்காவும் தங்கையும் ஒரே கொட்டிலில் நின்று, ஒன்றையே பார்த்தவர்கள். ஒருவர் இனித் தன் வீட்டில் பெரிய கத்தியே வேண்டாம் என்று முடிவெடுத்தார். மற்றவர் இனிக் கையில் எடுப்பது எதுவும் மழுங்கியிருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். இரண்டு பேரும் அதை ஒருவரோடொருவர் ஒருநாளும் பேசியதில்லை என்று அம்மா சொன்னார். பேசாமல், ஒரு பேஸ்மென்ற் படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள்.

அம்மா கதவடியில் நின்று, கெதியாப் போச்சுதோ என்று கேட்டபோது, நான் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் மானைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.